பீரோவுக்குள் போகாத புத்தகங்கள்

அரையாண்டுப் பரீட்சை முடிந்த நாளிலிருந்து பொங்கல் வரைக்கும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். வடசென்னையில் ராயபுரம், காசிமேடு பக்கம் வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கும். எம்.சி. ரோட்டுக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் திரும்பும்போது பிளாட்பாரத்தில் ஒரு பேட்டரி கார், ஒரு பபிள்ஸ் துப்பாக்கி என்று வாங்கிக்கொண்டு வருவார்கள். அந்தக் கார் பொங்கல் வரை ஓடினால் பெரிய விஷயம். நான் சில வருடங்களாக இந்தச் சமயத்தில் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கும் தெருவில் பழக்கமான வாண்டுகளுக்கும் படம் போட்ட கதைப் புத்தகம்தான் கொடுக்கிறேன். இரண்டு வயசிலிருந்து ஏழு வயசு வரை. ஒரு பிள்ளைக்கு நூறு ரூபாய், முடிந்தால் அதற்குள் இரண்டு புத்தகம். நிறைய பிள்ளைகள் இருப்பதால் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது ஒரு காரணம். ஆனால் கையில் தாராளமாகப் பணம் இருந்தாலும் சின்னப் பிள்ளைக்கு விலை கூடிய புத்தகம் வாங்க மாட்டேன்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் குடும்பத்துக்குத் துபாயிலிருந்து ஒரு மாமா பெரிய புத்தகம் ஒன்று அனுப்பியிருந்தார். கெட்டி அட்டை, பக்கத்தைப் பிரித்தால் யானை எழுந்து நிற்கும், அடுத்த பக்கத்தில் மரம் விரியும். உண்மையிலேயே அழகான புத்தகம். அந்த வீட்டுக் குட்டிக்கு அப்போது மூன்று வயசு. ஒரு தடவை காட்டிவிட்டு, "கிழிச்சிடுவாக்கா, கொஞ்சம் பெரியவளாகட்டும்" என்று அவள் அம்மா அதே பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோ மேல் ஏற்றிவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஒற்றை ரூம் வீட்டில் ஆயிரக்கணக்கில் விலை போட்ட சாமானை மூன்று வயசுப் பிள்ளையிடம் யார் கொடுப்பார்கள்? விருந்தாளி வந்தால் இறக்கிக் காட்டுவார்கள், பிள்ளை எட்டி நின்று பார்க்கும். அதே வீட்டில் நான் கொடுத்த நாற்பது ரூபாய்ப் புத்தகம் பாய்க்கடியில், ஸ்கூல் பையில், வாசப்படியில் என்று கிடக்கும். அட்டையில் டீ கிளாஸ் வைத்த வட்டம், ஓரத்தில் பல் தடம், நடுப்பக்கத்தில் செல்லோ டேப். அவள் அதைப் பக்கம் பக்கமாக மனப்பாடமாகச் சொல்லுவாள். விலை குறைவான புத்தகத்தைப் பெரியவர்கள் பத்திரப்படுத்துவதில்லை. அதனால் அது நேராகப் பிள்ளை கைக்குப் போய்விடுகிறது. குழந்தைப் புத்தகத்துக்கு இதைவிடப் பெரிய தகுதி எனக்குத் தெரியவில்லை.

விலை குறைவு என்றால் மட்டம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு விஷயம். நான் வேலை பார்ப்பது பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு பேப்பர் கடையில், கணக்கு எழுதும் வேலை. பிரஸ்காரர்கள், பைண்டிங் ஆட்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு ஓரளவு தெரியும். பெரிய தாளில் அச்சடித்து மடித்தால் 8 பக்கம், 16 பக்கம் என்றுதான் வரும். அதனால்தான் இந்தப் புத்தகங்கள் 16, 24, 32 பக்கம் என்று இருக்கின்றன. தையல் இல்லை, கம் பைண்டிங் இல்லை, நடுவில் இரண்டு சென்டர் பின் மட்டும். இன்னொன்று, ஒரே படத்தைப் பல மொழிகளில் போடும்போது கலருக்கு ஒன்றாக இருக்கும் நான்கு அச்சுத் தகடுகளில், அதாவது பிளேட்டுகளில், எழுத்து இருக்கும் கறுப்புப் பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும். தமிழுக்கு ஒன்று, தெலுங்குக்கு ஒன்று. படத்துக்கான செலவு எல்லா மொழிக்கும் பங்கு போய்விடும். ஓவியரின் உழைப்பில் ஒன்றும் குறையவில்லை. அட்டையிலும் பைண்டிங்கிலும்தான் மிச்சம் பிடிக்கிறார்கள். பிள்ளைக்கு அட்டை எதற்கு?

தாளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பளபளவென்று இருப்பது ஆர்ட் பேப்பர். பளபளப்பில்லாமல் நோட்டுத்தாள் மாதிரி கொஞ்சம் சொரசொரப்பாக இருப்பது மேப்லித்தோ. கடையில் ஆர்ட் பேப்பர்தான் கண்ணைப் பறிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் தண்ணி ஏறியபோது கீழ் வீடுகளில் புத்தகமெல்லாம் நனைந்து போனது. மேப்லித்தோ புத்தகங்கள் காய்ந்ததும் அப்பளமாக நெளிந்தன, ஆனால் பிரித்துப் படிக்க முடிந்தது. ஆர்ட் பேப்பர் புத்தகங்கள் காய்ந்ததும் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டன. அந்தத் தாளின் மேல் இருக்கும் பூச்சு ஈரத்தில் ஊறி, காயும்போது பசையாகிவிடுகிறது. பிரித்தால் படம் உரிந்து எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். அப்படி நனைந்தால் காயும் வரை காத்திருக்கக் கூடாது. ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பக்கத்தையும் பிரித்து, நடுவில் செய்தித்தாள் செருகி, அடிக்கடி மாற்றி ஃபேனுக்கு அடியில் வைக்க வேண்டும். மழைக்குத் தண்ணி நிற்கும் தெருவில் இருக்கும் பிள்ளைக்கு வாங்குவதாக இருந்தால் நான் மேப்லித்தோவைத்தான் தேடி எடுக்கிறேன். கடலோரத்தில் இருக்கும் வீட்டுக்கு என்றால் இன்னொரு வேலையும் உண்டு. உப்புக்காற்றில் சென்டர் பின் சீக்கிரம் துருப்பிடிக்கும், பக்கத்தில் கறை இறங்கும், பிள்ளை விரலிலும் குத்தும். கொடுப்பதற்கு முன்னால் முதுகுப்பக்கம் பின்னின் மேல் அகலமான டேப் ஒன்றை ஒட்டிவிட்டால் முதுகும் கிழியாது.

இனி தேர்ந்தெடுப்பது. கடையில் "வயசு 3 முதல் 6" என்று போட்டிருப்பதை நான் ரொம்பப் பார்ப்பதில்லை. நான் பார்ப்பது அந்த வீட்டில் யார் வாசித்துக் காட்டப்போகிறார்கள் என்பதைத்தான். எங்கள் பக்கம் அப்பா அதிகாலையில் ஹார்பருக்கோ மார்க்கெட்டுக்கோ போயிருப்பார். அம்மா வீட்டு வேலைக்கோ கம்பெனிக்கோ போய் வந்து அசந்து படுத்திருப்பாள். பெரும்பாலும் மூன்று வயசுக்காரனுக்கு வாசித்துக் காட்டுவது இரண்டாவதோ மூன்றாவதோ படிக்கும் அக்காதான். ஆகவே புத்தகம் அந்த அக்காவுக்கு வாசிக்க வர வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒன்று அல்லது இரண்டு வரி, சின்னச் சின்ன வார்த்தை, எழுத்து பெரிதாக. படத்தின் அடர்ந்த கலர் மேல் எழுத்தை அச்சடித்திருந்தால் வேண்டாம். நாற்பது வாட் வெளிச்சத்தில் அதைக் கூட்டிப் படிக்க முடியாது. அரசுப் பள்ளியில் படிக்கிற அக்கா என்றால் அவளுக்கு இது ஒன்றும் புதிதல்ல. 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் பிரித்த சின்னக் கதைப் புத்தகங்களை வகுப்பில் பார்த்திருப்பாள். "நீ இப்போ நடவா, ஓடா?" என்று கேட்டால் டக்கென்று சொல்லிவிடுவாள். அதை வைத்து வாங்கலாம். பிரதம் புக்ஸ் என்ற பதிப்பகத்தின் புத்தகங்களிலும் இதுபோல நான்கு நிலைகள் உண்டு, அட்டையிலேயே போட்டிருக்கும்.

வாங்குவதற்கு முன் கடையில் நின்றபடியே மூன்று பக்கம் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம். நாக்கு தடுக்கினால் அந்தப் புத்தகம் நம் வீட்டுக்கு ஆகாது. மொழிபெயர்த்து வந்த சில புத்தகங்களில் ஒரே வரிக்குள் நான்கு வினையெச்சம் வரும். படம் தங்கமாக இருக்கும், வாக்கியம் கல்லாக இருக்கும். அந்த மாதிரிப் புத்தகத்தை அம்மா இரண்டாம் நாளே கீழே வைத்துவிடுவாள்.

தமிழே வீட்டு மொழி இல்லாத பிள்ளைகளும் எங்கள் பக்கம் நிறைய. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடியில் தெலுங்கு பேசும் வீடுகள், உருது பேசும் வீடுகள், மணலி, திருவொற்றியூர்ப் பக்கம் வேலைக்கு வந்த இந்திக்காரக் குடும்பங்கள். அவர்களுக்கு எழுத்தே இல்லாத படப் புத்தகம் ரொம்ப உதவும். பிரதமிலும் சில இருக்கின்றன. "இதுல ஒண்ணுமே எழுதலையே" என்று முதலில் கேட்பார்கள். நாம் உட்கார்ந்து முதல் நாலு படத்தை மட்டும் கதையாகச் சொல்லிவிட்டு, மிச்சத்தை அந்த வீட்டு ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், விட்டுவிட வேண்டும். அவர் தன் பாஷையில் சொல்லும் கதை நான் சொன்னதைவிட நீளமாக இருக்கும்.

படத்தில் தன் வீட்டுச் சாயல் இருந்தால் பிள்ளைகள் விடவே மாட்டார்கள். காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு ஆயாவின் பேரனுக்குக் கடலைப் பற்றிய புத்தகம் ஒன்று கொடுத்தேன். நாலரை வயசு இருக்கும். முதல் பக்கத்தில் எழுத்தை நான் தொடங்குவதற்குள் விரலை வைத்துவிட்டான். "இது சங்கரா. இது வஞ்சிரம். இது இன்னாது? இந்த மாதிரி மீனே கெடையாது." ஓவியர் கற்பனையாக நீலத்தில் போட்டிருந்த மீனை அவன் ஒத்துக்கொள்ளவே இல்லை. சங்கராவுக்கு இன்னும் சிகப்பு வேண்டும் என்று உள்ளே ஓடிப்போய் ஒரு கிரேயான் எடுத்து வந்து அடித்துவிட்டான். ஆயா கத்தினார்: "தே, புக்க கெடுக்கிறான் பாரு!" நான் விடுங்க ஆயா என்றேன். அறுபது ரூபாய்ப் புத்தகமாக இருந்ததால் அவரும் விட்டுவிட்டார். அந்தப் பையன் அன்றைக்குத் தனக்குத் தெரிந்ததைப் புத்தகத்துக்குச் சொல்லிக் கொடுத்தான். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளை புத்தகத்தோடு சரிக்குச் சரி பேசியதை நான் பார்த்தேன். அதற்காகவே பனி கொட்டும் ஊர்க் கதைகளைவிட, எண்ணெய் தடவிப் பின்னல் போட்ட பெண், ஷேர் ஆட்டோ, தண்ணிக் குடம் என்று நம் தெருவைப் போட்ட புத்தகங்களை முதலில் எடுக்கிறேன்.

அம்மாக்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "இதுல ஏபிசிடி இல்லையேக்கா?" பிளாட்பாரத்தில் முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும் வழவழ அட்டைப் புத்தகத்தில் ஆப்பிள், பந்து, பூனை என்று இருக்கும்; அதுதான் படிப்புக்கு ஆகும் என்று நினைக்கிறார்கள். அந்தப் புத்தகத்தில் பெயர் சொல்லி முடித்ததும் வேறு ஒன்றும் செய்வதற்கில்லை. கதைப் புத்தகத்தில் அடுத்து என்ன ஆகும் என்று பிள்ளை கேட்கும். ஏன் அழுதது, எங்கே ஓடிப்போனது என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்லத்தான் பேச்சு வளர்கிறது. நான் விவாதம் செய்வதில்லை. "ஏபிசிடி ஸ்கூல்ல சொல்லித் தருவாங்கம்மா, இதை நைட்டு தூங்கும்போது ஒரு தடவை காட்டு, போதும்" என்பேன். இரண்டு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு மட்டும் கெட்டி அட்டைப் புத்தகம் வேண்டும்; மெல்லிய தாளை அவர்கள் தின்றுவிடுவார்கள். புதிதாக வாங்கினால் விலை அதிகம். அதனால் அந்த வயசுக்கு நான் பழைய அட்டைப் பெட்டியை வெட்டி, வீட்டு ஆட்களின் போட்டோ நாலைந்தை ஒட்டி, மேலே டேப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். தாத்தா முகத்தை அந்தப் பிள்ளை முத்தம் கொடுத்தே தேய்த்துவிடும்.

எங்கே வாங்குவது? விடுமுறையை ஒட்டி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கும் புத்தகக் காட்சிதான் எனக்கு முதல் இடம். வடசென்னைக்காரர்களுக்கு முன்பு அது ரொம்பத் தூரம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறிப் போக வேண்டும். 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்த பிறகு தண்டையார்பேட்டையிலோ வண்ணாரப்பேட்டையிலோ ஏறினால் மாறாமல் நந்தனத்தில் இறங்கலாம். அரங்குகளில் வழக்கமாகப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு, புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. நான் நேராகப் போவது நேஷனல் புக் டிரஸ்ட். 1957இல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம். அவர்களுடைய நேரு பால புத்தகாலயம் வரிசையில் தமிழ்ப் புத்தகங்கள் இன்னமும் கட்டுப்படியான விலையில் கிடைக்கின்றன. அடுத்தது பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ட்ரன். அங்கே படத்தைவிட எழுத்து கூடுதலான புத்தகங்களும் கலந்திருக்கும், பிரித்துப் பார்த்து எடுக்க வேண்டும். நம் ஊரிலேயே 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகத்தின் படங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தமிழும் இங்கிலீஷும் பக்கத்தில் பக்கத்தில் போட்ட புத்தகங்கள் அவர்களிடம் உண்டு. விலை கொஞ்சம் கூட. இரண்டு புத்தகத்துக்குப் பதில் ஒன்றாக வாங்குவேன். ஏபிசிடி கேட்ட அம்மாவுக்கு அந்த இருமொழிப் புத்தகம் மனசுக்கு நிறைவாக இருக்கும்.

சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டையும் விட முடியாது. பழைய கட்டடம் 1985இல் தீயில் போனபின் கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறின. பழைய வெளிநாட்டுப் படப் புத்தகங்கள் அங்கே பேரம் பேசி மலிவாக எடுக்கலாம். எல்லாம் இங்கிலீஷ்தான், ஆனால் ஓவியம் பேசும் புத்தகமாக இருந்தால் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். எடுக்கும்போது முழுப் புத்தகத்தையும் பிரித்துப் பாருங்கள்: நடுப்பக்கம் இருக்கிறதா, கடைசிப் பக்கம் இருக்கிறதா, பூஞ்சை வாடை அடிக்கிறதா. வாடை அடித்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். வீட்டில் இருக்கும் மற்ற புத்தகத்துக்கும் அது பரவும்.

போனில் இலவசமாகவே கிடைக்கும்போது ஏன் வாங்க வேண்டும் என்று தம்பி கேட்டான். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் ஆயிரக்கணக்கான கதைகள் படத்தோடு இருக்கின்றன, தமிழிலும் ஏராளம். இறக்கிக்கொள்ளலாம், அச்செடுக்கலாம், அந்த அனுமதியோடுதான் போட்டிருக்கிறார்கள். நான் அச்செடுத்தும் பார்த்தேன். ஏ4 தாளைப் பாதியாக மடிப்பதால் 16 பக்கப் புத்தகத்துக்கு நாலு தாள் போதும், இரண்டு பக்கமும் அடித்தால் பிரிண்ட் கணக்கில் எட்டுப் பக்கம். எங்கள் பக்கம் கலர் பிரிண்ட் பக்கத்துக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார்கள், ஆக எண்பது ரூபாய். அச்சான புத்தகம் அதைவிட மலிவு! அதனால் கலரில் எடுப்பதில்லை. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் இருபது ரூபாய்க்குள் முடிகிறது, கூட ஒரு பத்து ரூபாய் கிரேயான் டப்பா வைத்தால் பிள்ளையே கலர் அடித்துக்கொள்ளும். கோட்டோவியமாக இருக்கும் கதையாகப் பார்த்து எடுக்க வேண்டும். பெயின்டிங் மாதிரியான படம் கறுப்பு வெள்ளையில் சேறாகிவிடும். பிரிண்டர் செட்டிங்கில் புக்லெட் என்று கொடுத்தால் பக்கங்கள் மடிப்புக்கு ஏற்றபடி தானாக வரும். மொத்தப் பக்கம் நாலால் வகுபட வேண்டும், இல்லாவிட்டால் வெற்றுப்பக்கம் விழும். தாள் 100 ஜி.எஸ்.எம். கேளுங்கள், அது தாளின் கனத்தைச் சொல்லும் கணக்கு. 70இல் அடித்தால் பின்பக்கத்துப் படம் முன்னால் தெரியும். நடுவில் பின் அடிக்கச் சாதாரண ஸ்டேப்ளர் எட்டாது. மடிப்பில் மூன்று ஓட்டை போட்டு கெட்டி நூலால் தைத்து முடிச்சுப் போட்டால் போதும், துருவும் கிடையாது.

கொடுக்கும் முறை என்று ஒன்றை நான் கடைப்பிடிக்கிறேன். கிஃப்ட் பேப்பர் சுற்றுவதில்லை. பிள்ளை எதிரில் உட்கார்ந்து, அவன் பெயரை அவன் பார்க்க முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுவேன். பிறகு அங்கேயே ஒரு தடவை முழுசாக வாசித்துக் காட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். பத்து நிமிஷம் ஆகும். வாசித்துக் காட்டாமல் கொடுத்த புத்தகம் பல வீடுகளில் மூலையில் அப்படியே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். வாசித்துக் காட்டிய புத்தகத்தைப் பிள்ளை தானே எடுத்து, தலைகீழாகப் பிடித்துக்கொண்டாவது எனக்கே படித்துக் காட்டும். பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு ஒரே புத்தகம் கொடுக்கக் கூடாது. வேறு வேறாகக் கொடுத்தால் பொங்கல் முடிவதற்குள் தானாகவே கை மாறும். சண்டையும் வரும், வரட்டும்.

பணத்துக்கு இப்போது ஒரு வழி பிடித்திருக்கிறோம். எங்கள் தெருவில் பெண்கள் எல்லாரும் தீபாவளிச் சீட்டு கட்டுகிறவர்கள்தான். அதே நோட்டில் தனியாக ஒரு பக்கம் போட்டு, மாசம் இருபது ரூபாய் புத்தகச் சீட்டு என்று சேர்க்கிறோம். பத்து மாசத்தில் ஆளுக்கு இருநூறு. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போனால் கடைக்காரர் தள்ளுபடி அவ்வளவுதான் என்பார். எல்லாப் பணத்தையும் சேர்த்து ஒரே பில்லாகப் போட்டால் கூடக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்க முடிகிறது, சில அரங்குகளில் குறைக்கிறார்கள். இந்தத் தடவை மாடி வீட்டுக் குட்டியின் அம்மாவும் சேர்ந்திருக்கிறாள். எங்கள் அண்ணி எழுதப் படிக்கத் தெரியாதவர். பேத்திக்கு எழுத்தே இல்லாத புத்தகமாகப் பார்த்து மூன்று எடுக்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டார்.